ஆயாவை விட்டுவிட்டு வாரிசுக் கணக்கு போடாதீர்கள்

கேள்வி: என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு மாதத்துக்கு முன் வேலூரில் ஒரு மருத்துவமனையில் இறந்துவிட்டார். எங்கள் ஊர் கே.வி.குப்பம் பக்கம். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். எனக்குக் கல்யாணமாகி ஆம்பூரில் இருக்கிறேன். அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு வயது 88, சித்தப்பா வீட்டில் இருக்கிறார். அப்பா 1987-ல் கிரயம் வாங்கிய வீடு ஒன்று இருக்கிறது. தாத்தா காலத்துக் கொல்லை ஒரு ஏக்கர் 20 சென்ட், பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். தாத்தா 1994-ல் இறந்தார். அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. வங்கி டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினி. அம்மாவின் நகை கூட்டுறவு சங்கத்தில் அப்பா பெயரில் அடகு இருக்கிறது. காரியச் செலவுக்கு என்று அப்பாவின் ஏ.டி.எம். கார்டில் அண்ணன் 40,000 ரூபாய் எடுத்தார். இப்போது, "நீ ஒரு கையெழுத்து போட்டுடு, வீட்டை என் பேருக்கு மாத்திக்கிறேன். அம்மாவை நான்தானே பாத்துக்கப் போறேன்" என்கிறார். வாரிசு சான்றிதழில் ஆயா பெயர் வேண்டாம், போட்டால் சித்தப்பா உள்ளே வந்துவிடுவார் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நான் கையெழுத்து போடலாமா?

பதில்: சகோதரி, கையெழுத்து விஷயத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால், ஏமாற்ற நினைப்பவராகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பதறுகிறவராகத்தான் தெரிகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்றே தெரியாமல் கையெழுத்து போட்டால், அது உங்களுக்கும் நல்லதல்ல, நாளைக்கு அவருக்கும் நல்லதல்ல. அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வீட்டில் ஒரு பங்கு சட்டப்படி வேறொருவரிடம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வேறொருவர் உங்கள் ஆயா.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுப் பிரச்சினையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சம பங்காகப் போகும். மனைவி, மகன், மகள், அதோடு இறந்தவரின் தாய். தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்தால் அவர் யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே 1987-ல் அப்பா வாங்கிய வீட்டில் அம்மா, அண்ணன், நீங்கள், ஆயா என்று நாலு பேருக்கும் கால் பங்கு. வங்கி டெபாசிட்டிலும் அப்படியே.

"ஆயா பெயரைப் போட வேண்டாம்" என்று சொன்னவர் நினைத்தது, பெயரைப் போட்டால்தான் சித்தப்பா உள்ளே வருவார் என்று. நடப்பது நேர் எதிர். ஆயாவின் பங்குக்கு ஒரு பத்திரமும் எழுதாமல், அவர் காலமான பிறகு என்ன ஆகும் என்று பாருங்கள். அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகள் வழியில் மூன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்கு வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, உங்கள் அப்பாவின் வழியில் அண்ணனும் நீங்களும் சேர்ந்து ஒரு பன்னிரண்டில் ஒன்று. மருமகளான உங்கள் அம்மாவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு அந்த வீட்டை விற்பதென்றாலும், வங்கியில் அடமானம் வைப்பதென்றாலும் சித்தப்பா, அத்தை கையெழுத்து இல்லாமல் நகராது. சான்றிதழில் பெயரை மறைத்தால் அவர் பங்கு மறைந்துபோவதில்லை. உண்மையை மறைத்து வாங்கிய சான்றிதழ் என்று சித்தப்பா ஒரு மனு கொடுத்தால் சான்றிதழே ரத்தாகும். அதை வைத்து நீங்கள் செய்த பட்டா மாற்றம் வரைக்கும் கேள்விக்குள்ளாகும்.

அதனால் ஆயா இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, அவர் பங்கைத் தீர்மானித்துக்கொள்வதுதான் நல்லது. சம்மதத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 88 வயதில் மகனை இழந்த ஒரு தாயிடம் போய், "இது பென்ஷன் பேப்பர்" என்று சொல்லி ரேகை வாங்குகிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நீங்களும் அம்மாவும் நேரில் போங்கள். சித்தப்பா இருக்கும்போதே பேசுங்கள். "இந்த வீட்டில் உங்களுக்குக் கால் பங்கு இருக்கிறது, அதை மருமகள் பெயருக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா, இல்லை அதற்கு ஈடாக மாதாமாதம் ஏதாவது வேண்டுமா" என்று நேராகக் கேளுங்கள். ஆயாவை இத்தனை நாளாகப் பார்த்துக்கொள்வது சித்தப்பா குடும்பம் என்பதையும் மனதில் வைத்துப் பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆயா சம்மதித்தால் அம்மா பெயருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். அவரால் நடக்க முடியாவிட்டால் உரிய மனுவும் கட்டணமும் கட்டி சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதியச் சட்டத்தில் இடமிருக்கிறது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். அவர் சம்மதிக்காவிட்டால் அதுவும் அவர் உரிமை. பங்கு இருக்கட்டும்.

இனி உங்கள் கையெழுத்து. கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், ஆகவே மகளுக்குப் பங்கில்லை என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அப்பாவின் சொந்தச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956 முதலே இருக்கிறது. போட்ட நகை அதில் கழியாது. நீங்களாகவே விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம், அது உங்கள் மனசு. ஆனால் கொடுப்பதை அண்ணன் பெயருக்குக் கொடுக்காமல் அம்மா பெயருக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து. அம்மாவுக்கு 60-க்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வயதில் தன் பெயரில் ஒரு வீடு இருப்பதும், மகன் பெயரில் உள்ள வீட்டில் ஓர் அறையில் இருப்பதும் ஒன்றல்ல. மருமகள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

"அம்மாவைப் பார்த்துக்கொள்வேன்" என்று வாயால் சொன்னதை நம்பி எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை, பிறகு பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்காக நீங்கள் திரும்பப் பெறுவது மிகக் கஷ்டம். அம்மா தன் பங்கை அண்ணனுக்கு எழுதிவைக்க விரும்பினால் நிலைமை கொஞ்சம் வேறு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ம் பிரிவின்படி, அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் எழுதிக் கொடுத்த சொத்தை, அப்படிச் செய்யாதபோது ரத்து செய்யச் சொல்லி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருப்பது முக்கியம். பத்திரம் எழுதுபவரிடம் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னால் சிலர், "குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்" என்பார்கள். குடும்பத்துக்குள்தான் இது தேவைப்படும்.

கொல்லைக்கு வருவோம். பட்டா தாத்தா பெயரில் இருப்பதால் உங்கள் அப்பாவின் வாரிசு சான்றிதழ் மட்டும் போதாது, தாத்தாவின் வாரிசுகள் யார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அந்த நிலம் தாத்தா தன் உழைப்பில் கிரயம் வாங்கியது என்றால் கணக்கு எளிது. 1994-ல் அவர் இறந்தபோது ஆயா, அப்பா, சித்தப்பா, அத்தை என்று நாலு பேர். ஆளுக்கு 30 சென்ட். அப்பாவின் அந்த 30 சென்ட் இப்போது மறுபடி நாலாகி, உங்களுக்கு வருவது ஏழரை சென்ட். அது தாத்தாவுக்கு அவருடைய அப்பா, பாட்டன் வழியில் வந்த பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு மாறும். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை என்று 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் மாநிலத்தில் 1989-லேயே ஒரு திருத்தம் வந்தது, அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கு மட்டும். ஆகவே அத்தையை ஒதுக்கிவிட்டு அண்ணன், தம்பி இரண்டு வீடும் கொல்லையைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு இனி நிற்காது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினை ஏதாவது இருந்தால் அது அப்படியே செல்லும்; இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் கேளுங்கள்.

மல்லாட்டை போட்டு எடுப்பது யாரோ, வரி கட்டுவது யாரோ, அதை வைத்து மட்டும் நிலம் யாருடையது என்று ஆகிவிடாது. பட்டாவும் தனியாக நின்று உரிமையைத் தந்துவிடாது. யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த காலத்தில் பெயர் மாறி விழுந்த பட்டாக்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன. தாத்தாவின் மூலப் பத்திரத்தைத் தேடுங்கள். தகரப் பெட்டியில் இல்லையென்றால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் பார்ப்பதற்குக் காசு கிடையாது. அதில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும்.

இங்கே ஓர் உள்ளூர்ச் சிக்கல். அப்பாவின் 1987 பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் வட்டம்" என்று இருக்கலாம். 1989-ல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கே.வி.குப்பமும் இப்போது தனி வட்டம். நீங்கள் இருக்கும் ஆம்பூரோ திருப்பத்தூர் மாவட்டம். பத்திரத்தில் உள்ள மாவட்டம், வட்டத்தின் பெயர் இப்போதையதோடு பொருந்தவில்லை என்று பயப்பட வேண்டாம், அதனால் பத்திரம் செல்லாமல் போகாது. ஆனால் இணையத்தில் பட்டா, சிட்டா தேடும்போது இப்போதைய வட்டத்தையும், பத்திரத்தின் நகல் கேட்கும்போது அது பதிவான அலுவலகத்தையும் தேட வேண்டும். சர்வே எண்ணும் உட்பிரிவாகி மாறியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படை இறப்புச் சான்றிதழ். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், வசித்த ஊரில் அல்ல. மருத்துவமனை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் வேலூர் மாநகராட்சியில் பதிவாகியிருக்கும். உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டு அலைய வேண்டாம், இணையத்திலேயே எடுக்கலாம். எடுத்ததும் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். நம் பக்கத்தில் ஆதாரில் முனுசாமி, பத்திரத்தில் முனிசாமி, பென்ஷன் புத்தகத்தில் இனிஷியல் வேறு என்பது சாதாரணம். சான்றிதழில் தப்பு இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். பழைய பத்திரத்தில் உள்ள வித்தியாசத்துக்கு இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்து வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், வட்டாட்சியர் வழங்குவார். அப்பா வசித்த வட்டத்தில்தான் கொடுக்க வேண்டும், ஆம்பூரில் நீங்கள் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா, அண்ணன், நீங்கள், ஆயா என்று நாலு பெயரும் அதில் இருக்கட்டும். அந்தச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்பதை மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அல்ல.

பணத்தில் முதலில் ஓடவேண்டியது அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு. இது சொத்து அல்ல, பங்கு போடுவதற்கில்லை, அம்மாவுக்கு மட்டுமே உரியது. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதன் மேல் அகவிலைப்படி. அப்பா ஓய்வூதியம் வாங்கிய கருவூலத்தில் இறப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகத்தோடு விண்ணப்பியுங்கள். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாயையும் அதே நடையில் கேளுங்கள்; பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாலு மாதத்தில் கருவூலத்துக்கு யாராவது தகவல் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அப்பாவின் ஓய்வூதியம் இன்னும் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். இறந்த நாளுக்குப் பிறகானதைத் திருப்பிக் கட்ட வேண்டும், தொட வேண்டாம்.

அந்த ஏ.டி.எம். கார்டு விஷயமும் அதோடு சேர்ந்ததுதான். இறந்தவரின் கார்டில் பணம் எடுப்பது சரியில்லை, மற்ற வாரிசுகள் கேள்வி கேட்கலாம். ஆனால் காரியச் செலவுக்கு எடுத்த 40,000 ரூபாய்க்காக அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். என்னென்ன செலவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அதைப் பொதுக் கணக்கில் கழித்துவிடுங்கள். கார்டை வங்கியில் கொடுத்து முடக்கிவிடட்டும். டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினி என்றால் வங்கி பணத்தை அவரிடம் கொடுக்கும். கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அதனால் பணம் அவருடையது ஆகிவிடாது. நாலு வாரிசுகளுக்காக அவர் கையில் வாங்குகிறார், அவ்வளவுதான். கேட்ட காகிதங்களை எல்லாம் கொடுத்த 15 நாளில் வங்கி பணத்தைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இழுத்தடித்தால் இதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நகைக் கடனின் கெடுவை இன்றே பாருங்கள். மற்ற எதுவும் ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் ஆகாது, கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். நகை அம்மாவுடையது என்றாலும் சங்கத்தின் ஏட்டில் அப்பா பெயர் இருப்பதால், மீட்க எல்லா வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். இப்போதைக்கு வட்டியைக் கட்டி, கடன்தாரர் இறந்த விவரத்தை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்பாவுக்கு வேறு கடன் இருந்தால், அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. மின் இணைப்பு, வீட்டு வரி, கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் வாரிசு சான்றிதழ் வந்த பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா நோட்டில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்றும் ஒருமுறை பாருங்கள். ஆசிரியர்கள் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள். உயில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை, அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும். அப்படி ஒன்று கிடைத்தால் வீட்டையும் டெபாசிட்டையும் பற்றி மேலே சொன்ன கணக்கு மாறும். சாட்சி இல்லாத தாள் என்றால் அது உயில் ஆகாது.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கும் இதே கணக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்விஷாரத்து முஸ்லிம் குடும்பத்துக்கும், வேலூரில் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் இது பொருந்தாது. பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இறந்தவரின் தாய்க்குக் கிடையாது. முஸ்லிம் என்றால், பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு மகளைப் போல் இரண்டு மடங்கு.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று தயங்குகிறீர்கள். "வாரிசு சான்றிதழும் வில்லங்கமும் வரட்டும் அண்ணா, அப்புறம் அம்மா, ஆயா, சித்தப்பா எல்லாரையும் வைத்துப் பேசலாம்" என்று சொல்லுங்கள். மறுப்பாகத் தோன்றாது, அவசரமும் அடங்கும். அதற்கும் அவர் மசியாவிட்டால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு போடும் முன்பே இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு சமரசம் பேச வைப்பார்கள். போகும்போது 1987 பத்திரம், கொல்லையின் சிட்டா, இறப்புச் சான்றிதழ், டெபாசிட் ரசீது ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோங்கள். அசல் பத்திரம் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.